கிரீந்திரசேகர போஸ்: உரையாடி நோய் தீர்த்த வங்க வைத்தியர்

கோயமுத்தூரிலிருந்து சத்தியமங்கலம் செல்லும் பெருவழியிலுள்ள சரவணம்பட்டி, முன்னாளில் சோளமும் பருத்தியும் விளைந்த மானாவாரிக் காடுகளுக்கிடையே கிடந்த சிற்றூர். இன்று அங்கே கணினித் தொழிற் கட்டடங்கள் ஓங்கி நிற்கின்றன. அவற்றில் இரவும் பகலும் முறைவைத்து உழைக்கும் இளைஞரும் மகளிரும் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கின்றனர். முன்னாளில் ஒரு வீட்டிற் கணவனும் மனைவியும் முரண்பட்டால், பங்காளிகளும் மாமன் மைத்துனரும் திண்ணையிற் கூடிப் பேசி முடிப்பர். அப்பேச்சு எப்பொழுதும் நியாயமாகவே முடிந்ததென்று நாம் சொல்லமாட்டோம். பெண்ணின் வாயை அடைத்து முடிந்த பஞ்சாயத்துகளும் பல. எனினும் பேசுவதற்கு ஓரிடம் இருந்தது. வீட்டுக்கு வீடு வாசற்படி என்று சொல்லி ஆறுதல் அடைவதற்கும் இந்நாளில் அண்டை வீட்டார் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே!

அவ்வூரில் நாம் அறிந்த இளந்தம்பதியர் இருவர் சென்ற ஆண்டு மனநல ஆலோசகர் ஒருவரை நாடிச் சென்றனர். சுற்றத்தாரிற் சிலர் அதனை மானக்கேடென்றனர். வேறு சிலர் மேல்நாட்டார் வழக்கம் நமக்கு ஏன் என்றனர். உரையாடலாலேயே மனத்துயர் தீர்க்கும் இவ்வைத்தியத்தை நம் நாட்டில் நிலைநாட்டியவர் தூய வெள்ளை வேட்டி உடுத்த ஒரு வங்காளி என்பதும், அவர் அதற்கெனச் சங்கம் நிறுவி நூறாண்டு கடந்துவிட்டதென்பதும் அவர்கள் அறியாதவை. அப்பெரியாரின் சரித்திரத்தை நம் கலாசாலை மாணாக்கர் பொருட்டு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கிரீந்திரசேகர போஸ் 1887-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 30-ஆம் நாள் பிறந்தார். இவர்தம் தந்தையார் சந்திரசேகர போஸ், பீகாரிலுள்ள தர்பங்கா சமஸ்தானத்திற் பெரும்பதவி வகித்தவர். வேதாந்த விசாரணையில் ஈடுபாடு மிக்கவர். மக்கள் ஒன்பதின்மரில் கடைக்குட்டி கிரீந்திரசேகரர். தமையன்மாருள் ஒருவராகிய ராஜசேகர போஸ், பரசுராமர் என்னும் புனைபெயரில் வங்க நாட்டை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த நகைச்சுவை எழுத்தாளர். வங்க அகராதி ஒன்றும் தொகுத்தவர். தம்பி மனத்தின் இருளை ஆராய்ந்தார்; தமையன் அதன் வேடிக்கையைக் கண்டார். இருவரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசி வளர்ந்தவர்கள் என்பதை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

கல்கத்தா பிரஸிடென்சிக் கலாசாலையில் இரசாயனம் பயின்ற பின்னர், வைத்தியக் கலாசாலையிற் சேர்ந்து 1910-ஆம் ஆண்டில் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் முடிந்திருந்தது. மாணவப் பருவத்தில் இவரை ஈர்த்தவை இரண்டு: ஒன்று செப்பிடு வித்தை; மற்றொன்று மனோவசியம் என்னும் அறிதுயிற் கலை. வைத்தியத் தொழில் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே, உடலில் யாதொரு பழுதும் காணப்படாமல் வருந்தும் நோயாளர் பலர் தம்மிடம் வருவதை இவர் கண்டார். அத்தகையோர்க்கு மருந்து எழுதிக் கொடுத்தனுப்புவது எளிது. இவரோ நாழிகைக்கணக்கில் அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார்.

இவ்விடத்தில் ஐரோப்பாவிற் சிறிது கண்செலுத்துவது தகும். வியன்னா நகரில் பிராயர் என்னும் மருத்துவர் 1880 முதல் 1882 வரையில் ஓர் இளம்பெண்ணுக்குச் சிகிச்சை செய்தார். தன் துயரத்தின் தோற்றுவாயை நினைவுகூர்ந்து சொல்லச் சொல்ல, அவளுக்கு நோய்க்குறிகள் தணிந்தன. பேச்சு வைத்தியம் என்று அதற்குப் பெயரிட்டவளும் அப்பெண்ணே. மருத்துவர் வைத்த பெயர் நிற்பதுதான் உலக வழக்கம். ஈண்டு நோயாளி வைத்த பெயர் நின்றது. அவ்வழியைப் பின்பற்றி விரித்தவர் சிக்மண்ட் பிராய்டு. அவர்தம் நூல்கள் ஆங்கிலத்திற் செவ்வையாகக் கிடைக்காத அந்நாளில், பத்திரிகைகளிற் கண்ட சிற்சில செய்திகளைத் துணைக்கொண்டு, பெரும்பாலும் தம் சொந்த அநுபவத்தாலேயே போஸ் தம் முறையை வகுத்துக்கொண்டார்.

கல்கத்தா சர்வகலாசாலையில் மனோதத்துவத்துக்கெனத் தனித்துறை அப்போதுதான் தோன்றியிருந்தது. தொழில் செய்துகொண்டிருந்த வைத்தியர் மீண்டும் மாணாக்கராகி அத்துறையிற் பட்டம் பெற்றார், அங்கேயே ஆசிரியருமானார். மனத்துள் அமுக்கப்படும் எண்ணங்களைப்பற்றி இவர் எழுதிய ஆராய்ச்சி நூலுக்கு 1921-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் கிடைத்தது. அந்நூற் பிரதியொன்றை வியன்னாவிற்கு அனுப்பினார். பிராய்டு வியப்பும் மகிழ்வும் தெரிவித்து விடையெழுத, இருவர்க்குமிடையே கடிதப் போக்குவரத்து தொடங்கிற்று. 1937 வரை அது நீண்டது; நேரில் ஒருநாளும் அவர்கள் சந்தித்திலர். பிராய்டின் முகத்தையே அறியாத போஸ், ஓவிய நண்பர் ஒருவரைக்கொண்டு, இப்படித்தான் இருப்பார் என்று கற்பனையால் ஓர் உருவம் தீட்டுவித்து அவருக்கே அனுப்பிவைத்தார்! படத்திலிருந்தவர் முற்றும் ஓர் ஆங்கிலேயராகக் காணப்பட்டார் என்று பிராய்டு நகைத்துக்கொண்டதாக அறிகிறோம்.

1922-ஆம் ஆண்டில் கல்கத்தா பார்சிபாகன் சந்து 14-ஆம் எண்ணுள்ள தம் இல்லத்திலேயே இந்திய உளப்பகுப்புச் சங்கத்தை இவர் நிறுவினார். அதே வீட்டில் தமையன்மாரும் ஓவியரும் ஆசிரியரும் கூடி மணிக்கணக்காக அளவளாவும் அவையொன்றும் நடந்து வந்தது. அட்டா என்று வங்காளிகள் சொல்லும் அரட்டைக் கூட்டத்தின் சுவையை அறிந்தவர்க்கு, உரையாடலை வைத்தியமாக ஏற்ற முதல் இந்திய நகரம் கல்கத்தாவானதில் வியப்பு இராது. எனினும் அரட்டை வேறு, சிகிச்சை வேறு. அரட்டையில் ஒருவர் வாயெடுக்குமுன் மற்றொருவர் தொடங்குவார். போஸின் அறையிலோ, சாய்வு நாற்காலியிற் கிடப்பவர் தம் மனத்தில் எழுவதையெல்லாம் ஒளிக்காமற் சொல்ல, வைத்தியர் செவிசாய்த்திருப்பார். வெளியே ஒரு சொல்லும் போகாது.

இனி, இவர்தம் கொள்கைகளுட் குடும்ப வாழ்வோடு மிக நெருங்கிய ஒன்றைச் சற்று விரிவாகக் கூறுவோம். ஒவ்வொரு விருப்பத்துக்கும் இரண்டு முனைகள் உண்டென்பது போஸின் துணிபு. அடிக்க வேண்டும் என்னும் எண்ணம் மேலே தோன்றினால், அடிபட வேண்டும் என்னும் எதிரெண்ணம் அடியிற் கிடக்கும். ஆள விரும்புவோன் உள்ளத்தில் ஆளப்படும் விருப்பமும், நேசிக்க விரும்புவோன் உள்ளத்தில் நேசிக்கப்படும் விருப்பமும் மறைந்துள்ளன. பள்ளியில் ஆசிரியரிடம் வசவு வாங்கிய சிறுமி, வீட்டுக்கு வந்ததும் தன் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி அதட்டுவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். பட்டவள் இப்போது செய்பவளாகிறாள். அதனால் மனம் சமனுறுகிறது. அவ்வாறு இடம் மாற வழியில்லாமல் ஒரு முனை மட்டும் அமுக்கப்பட்டுக் கிடந்தால், அங்கேதான் நோய் வேர்கொள்கிறது என்றார் போஸ்.

ஆதலால் இவர் சிகிச்சையில் ஒரு தனிமுறை உண்டு. சினந்து பேசும் நோயாளியை, அச்சினத்துக்கு ஆளானவரின் இடத்திலே தம்மை இருத்திக் கற்பனை செய்யத் தூண்டுவார். பின்னர் மீண்டும் தம்மிடத்துக்கு வரச்செய்வார். மறுபடியும் அங்கே அனுப்புவார். கிணற்றேற்றத்தின் மரம் ஒருபுறம் தாழ மறுபுறம் உயர்வதுபோல, மனம் இங்குமங்குமாக ஆடி ஆடி, ஈற்றில் இருமுனையையும் தன்னுடையனவாக உணரும்போது முடிச்சு அவிழும். தந்தையை வெறுத்த மகன் தந்தையாக இருந்து பார்த்தல் வேண்டும்; மனைவியின் மௌனத்தைப் பொறாத கணவன் அம்மௌனத்தின் உள்ளே சென்று உட்கார்ந்து பார்த்தல் வேண்டும். இது நன்னெறிப் போதனையன்று. பிறர்க்கு இரங்குக என்று போஸ் உபதேசித்திலர். பிறரிடத்தில் நாம் வெறுப்பது நம்முள்ளும் ஒரு விருப்பமாக ஒளிந்திருக்கிறது என்பதையே காட்ட முயன்றார்.

பிராய்டு இதனை முழுதும் ஏற்றாரல்லர். போஸ் 1929-ஆம் ஆண்டில் தம் கட்டுரைகள் பலவற்றை அனுப்ப, எதிர்விருப்பக் கொள்கை வடிவழகு மிக்கதாயினும் உயிராற்றலின் ஆழம் அதிற் போதவில்லை என்னும் கருத்துப்பட அவர் விடையிறுத்தார். போஸ் பணிவோடு மறுத்தார். தம் கொள்கையை விட்டிலர். ஐரோப்பிய நோயாளரும் இந்திய நோயாளரும் எல்லா வகையிலும் ஒத்தவரல்லர் என்றும் துணிந்து எழுதினார். ஆட்சி செய்யும் இனத்தாரின் ஞானத்தை அப்படியே விழுங்கிய படித்தவர் மிகுந்திருந்த அக்காலத்தில், ஆசானாக மதித்தவரிடமே இவ்வாறு வாதாடியது நம்மை வியப்பிலாழ்த்துகிறது. கருத்து மாறுபாடு நட்பைக் கெடுக்கவுமில்லை. பிராய்டின் 75-ஆம் பிறந்தநாளுக்கு, 1931-ஆம் ஆண்டில், இந்தியச் சங்கத்தார் தந்தத்திற் செதுக்கிய திருமால் உருவம் ஒன்றை அனுப்பினர். வியன்னாவின் குளிரில் அதில் விரிசல் கண்டபோது, கல்கத்தாவிற் பழகிய தெய்வத்துக்கு இவ்வூர்ச் சீதோஷ்ணம் ஒவ்வவில்லையோ என்று முதியவர் வேடிக்கையாக ஐயுற்றாராம். 1938-இல் நாஜிகளுக்குத் தப்பி அவர் லண்டன் சென்றபோது அவ்வுருவமும் உடன்சென்றது.

உளப்பகுப்பு செல்வருக்கே உரியதென்னும் பழி எங்கும் உண்டு. அதனை ஓரளவேனும் துடைக்கவே போஸ் 1933-ஆம் ஆண்டில், இப்போது ஆர். ஜி. கர் பெயரால் வழங்கும் கார்மைக்கேல் வைத்தியக் கலாசாலை மருத்துவமனையில், மனநோயாளர்க்கு வெளிநோயாளர் பிரிவொன்றைத் தொடங்கினார். பைத்தியக்கார விடுதியின் உயர்ந்த மதிலுக்குள் செல்ல அஞ்சியவர்களும், காய்ச்சலுக்கு மருந்து வாங்க வருவோர்போல் அங்கு வரலாயினர். 1940-ஆம் ஆண்டில் லும்பினிப் பூங்கா என்னும் மனநல மருத்துவமனையும் எழுந்தது. அதற்கு இடம் அளித்து உதவியவர் தமையனார் ராஜசேகரர்.

அம்மருத்துவமனைக்கு 1942-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டவருள் ஒருவர் வங்கத்தின் புரட்சிக் கவிஞர் காஜி நஸ்ருல் இஸ்லாம். பேச்சும் நினைவும் திடீரென அவரைவிட்டு அகன்றிருந்தன. ஏறத்தாழ நான்கு திங்கள் அங்கிருந்தும் பயன் விளையவில்லை. மூளையே சுருங்கும் கொடுநோய் அவருக்கு நேர்ந்ததென்று 1953-இல் வியன்னா மருத்துவர்கள் கண்டனர். சொல்லால் தீர்வன உண்டு, தீராதன உண்டு. உரையாடலை உயிர்த்துணையாகக் கொண்ட வைத்தியரின் மருத்துவமனையில், சொற்களை இழந்த கவிஞர் மௌனமாக அமர்ந்திருந்த காட்சியை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது. பேச்சு வைத்தியத்தின் பெருமையைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் வேண்டும்.

போஸ் கனவைப்பற்றி வங்கமொழியில் ஒரு நூலும், புராணங்களைப்பற்றி ஓர் ஆராய்ச்சியும், எறும்புகளைப் பாத்திரமாக்கிக் குழந்தைகளுக்கு ஒரு கதையும் எழுதினார். கீதைக்கு மனோதத்துவ நோக்கில் உரை கண்டார். இவற்றை விரிக்கின் பெருகும். 1953-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 3-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

கணவனையும் மனைவியையும் ஒருங்கே இருத்திச் சிகிச்சை செய்யும் முறையைப் போஸ் கையாண்டாரென்று நாம் சொல்லவில்லை. அவர்தம் அறையில் ஒருவரே பேசினார்; மனைவியும் தந்தையும் மாமியாரும் அங்குக் கற்பனையாகவே வந்து போயினர். அவர்களை மெய்யாகவே அழைத்து உட்காரவைக்கும் எண்ணம் அவர் மறைவையொட்டிய ஆண்டுகளில் பல நாடுகளில் ஒருசேர முளைத்தது. அமெரிக்காவில் மர்ரே போவன் என்னும் மருத்துவர் 1954 முதல் நோயாளியின் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் மருத்துவமனையிலேயே குடியேற்றி ஆராய்ந்தார். நம் நாட்டிலோ, அமிருதசரசு மனநோய் மருத்துவமனைத் தலைவர் வித்யாசாகர், 1950-களில், தோட்டத்திற் கூடாரங்கள் அடித்து உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். அங்கே ஆராய்ச்சியாகத் தொடங்கியது, இங்கே தேவையால் விளைந்தது. இடமும் ஆளும் போதவில்லை, உறவினரோ நோயாளிக்கு அஞ்சினர். கூடாரத்திலிருந்து நோய் தணிவதைக் கண்ணாற் கண்டவர்களின் அச்சம் நீங்கிற்று. வீட்டில் எவ்வாறு நடந்துகொள்வது என்பதையும் கற்றுக்கொண்டனர். நம் தமிழ்நாட்டில், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கலாசாலையின் மனநல நிலையம் 1957-ஆம் ஆண்டில் தோன்றியதுமுதல், குடும்பத்தார் உடனிருத்தலையே சிகிச்சையின் பகுதியாகக் கொண்டது.

இதனால் விளைந்த நன்மைகளுக்குச் சான்று உண்டு. இங்கிலாந்தில் ஜார்ஜ் பிரவுன் முதலியோர் மனச்சிதைவு நோய் தணிந்து வீடு திரும்பியோரைத் தொடர்ந்து கவனித்தனர். இடையறாது குறைகூறலும் பகையும் மட்டுமீறிய கவலையும் நிறைந்த வீடுகளுக்குச் சென்றவர்க்கு நோய் மீள்வது மிகுதியாயிருந்தது. அத்தகைய குடும்பத்தாரை அழைத்துப் பேசி, நோயின் இயல்பை விளக்கி, பேசும் வகையைப் பழக்கியபோது அது குறைந்தது. வீட்டாரே நோய்க்குக் காரணம் என்று கொள்ளுதல் தவறு; அவ்வாறு தாய்மார்மேற் பழிசுமத்திய கொள்கையொன்று முன்பு இருந்து, பிழையென்று கைவிடப்பட்டது. மணவாழ்விலும் இத்தகைய முயற்சி பரவிற்று. இங்கிலாந்தில் 1938-லேயே மண ஆலோசனைக்கெனச் சங்கம் தோன்றியது. நம் நாட்டின் 1984-ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றச் சட்டம், வழக்கைத் தீர்ப்பதற்குமுன் இணக்கம் தேடுமாறு பணித்து, ஆலோசகர்க்கும் இடமளித்தது.

ஆலோசகர் தீர்ப்புக் கூறும் நாட்டாண்மைக்காரர் அல்லர். யார் பிழை என்று அவர் கேட்பதில்லை. சண்டை எப்படித் தொடங்கி எந்தத் தடத்தில் ஓடுகிறது என்றே கேட்கிறார். ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குதலும், ஒதுங்க ஒதுங்க முன்னவர் இன்னும் துரத்துதலும் பெரும்பாலான வீடுகளிற் காணப்படும் தடம். ஆயினும் அடியும் உதையும் நிகழும் வீட்டில், அடிப்பவனையும் அடிபடுபவளையும் அருகருகே இருத்தி மனம்விட்டுப் பேசச் சொல்வது பேராபத்து. அங்கே பெண் சொன்ன உண்மைக்கு வீடு திரும்பியதும் அவளே விலைகொடுப்பாள். முதலில் வேண்டுவது அவளுக்குக் காவல். இதனை உணராமல் சமாதானம் சமாதானம் என்று வற்புறுத்துவோர் திண்ணைப் பஞ்சாயத்தின் பழம்பிழையையே புதிய அறையில் நடத்துவோராவர்.

நாம் தொடக்கத்திற் சொன்ன சரவணம்பட்டித் தம்பதியர் வீட்டில் அத்தகைய கொடுமை இல்லை. கணவர் இரவு வேலை செய்பவர். மனைவி பள்ளி ஆசிரியை. கைம்பெண்ணாகிய மாமியார் அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்து உடன் தங்கியிருந்தார். ஓராண்டாக இருவரும் நேரிற் பேசுவதை விட்டு, பால் கணக்கையும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தையும் கைபேசிச் செய்தியாக அனுப்பி வந்தனர். ஆலோசகர் அவர்களுக்கு இட்ட முதற்பணி, ஒருவர் குறையை மற்றவர் தம் குறைபோல எடுத்துச் சொல்லுதல். சொன்னது சரியென்று குறைக்குரியவர் ஒப்பும்வரை மீண்டும் மீண்டும் சொல்லுதல். கணவர் மூன்று முறை தவறினார். நான்காம் முறை சொல்லிக்கொண்டு வருகையில், பகலெல்லாம் உறங்கும் ஆளுக்காக மெல்ல நடந்து மெல்லப் பேசி அடங்கியிருக்கும் வீடு அவருக்கு முதன்முதலாகத் தெரிந்ததாம். இதைக் கேட்டபோது நமக்குப் பார்சிபாகன் வீட்டின் சாய்வு நாற்காலி நினைவுக்கு வந்தது.

பிறகு மாமியாரையும் அழைத்தனர். தம்மைக் குற்றஞ்சாட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்த அம்மையார் வாயிலிலேயே நெடுநேரம் நின்றார். உள்ளே சென்றபின் தெரிந்தது: ஊரில் இரவில் தனியே இருக்க அஞ்சியே அவர் மகன் வீட்டில் தங்கினார், அதனை வாய்விட்டுச் சொல்ல நாணி, மருமகளின் சமையலிற் குறைகண்டு, தாம் இன்றியமையாதவர் என்று காட்ட முயன்றிருக்கிறார். இப்போது அவர் பயிர்க்காலத்தில் ஊரிலும் மற்ற நாளில் இங்குமாக இருக்கிறார். ஊரில் இருக்கும்போது, இராத்துணைக்குத் தங்கை மகள் ஒருத்தி வருகிறாள். வீட்டிற் சண்டை ஓய்ந்துவிடவில்லை. சென்ற மாதங்கூட ஒரு பெரிய சண்டை நடந்ததாக மனைவியார் நம் வீட்டிற் சொல்லிக்கொண்டிருந்தார். கைபேசியில் அன்று, நேருக்கு நேர்.